ஸ்கிரீன் கருப்பா இருந்தா செத்துப்போச்சுன்னு யார் சொன்னா?

பெரியம்மா பினாங்குத் தீவுக்கு அக்கரையில இருக்குற பிறையில இருந்து போன் பண்ணப்ப நான் இன்னும் பசியாறக்கூட இல்ல, எடுத்ததும் "தம்பி, கம்ப்யூட்டர் செத்துப்போச்சுடா"ன்னாங்க. முழுசா வரலையா இல்ல வந்துட்டு போகுதான்னு கேட்டேன். போன மாசம் பூரா சிமிட்டி சிமிட்டி வந்துச்சாம், சுவிட்ச நாலஞ்சு தடவ தட்டினா சூடேறி நின்னுக்குமாம், ரெண்டு நாளா அதுவும் இல்லையாம். கடைக்கு தூக்கிட்டுப் போயிருக்காங்க, கடைக்காரர் பிளக்க சொருகி ஒரு தடவ பாத்துட்டு "போர்டு போச்சு ஆன்ட்டி, புதுசு 400 வெள்ளி (ரிங்கிட்)"ன்னுட்டாராம். கழட்டிக்கூட பாக்கல. எனக்கு அதுதான் கடுப்பு.

சூடேறினா நின்னுக்கும்னு சொன்னாங்க பாருங்க, அந்த ஒரு வார்த்தையிலேயே பாதி வியாதி தெரிஞ்சுபோச்சு. மோட்டார எடுத்துக்கிட்டு ஃபெரியில பட்டர்வொர்த் பக்கம் கிளம்பிட்டேன்.

பழைய கம்ப்யூட்டர்ல ஸ்கிரீன் வரலன்னா நாம எல்லாரும் ஸ்கிரீனத்தான் திட்டுவோம், ஆனா ஒரு படம் நம்ம கண்ணுக்கு வர்றதுக்குள்ள நாலஞ்சு கை மாறுது. கம்ப்யூட்டருக்குள்ள இருக்குற டிஸ்பிளே சிப் மொதல்ல படத்த மெமரியில வரையுது, அப்புறம் வரி வரியா கேபிள் வழியா அனுப்புது, மானிட்டருக்குள்ள ஒரு போர்டு அத வாங்கிப் படிச்சு கண்ணாடிக்கு சொல்லுது. இதுல பல பேருக்கு தெரியாத விஷயம், அந்த எல்சிடி கண்ணாடிக்கு சொந்தமா வெளிச்சமே கெடையாது. தோல்பாவைக்கூத்து மாதிரி, இங்க வாயாங் கூலிட்டுன்னு சொல்றாங்களே அதே கதைதான், பொம்மை ஆட்டுறவர் வேற, பின்னாடி எரியுற விளக்கு வேற. விளக்கு அணைஞ்சாலும் அவரு பாட்டுக்கு இருட்டுல ஆட்டிக்கிட்டே இருப்பாரு, நமக்குத்தான் ஒண்ணும் தெரியாது. அதனால கருப்பு ஸ்கிரீன்னா அது எந்த கருப்புன்னு மொதல்ல பாக்கணும்.

அதுக்கு ரொம்ப சுலபமான சோதனை, மானிட்டருக்கு கரண்ட் இருக்கட்டும், கம்ப்யூட்டர்ல இருந்து வர்ற நீலத் தலை கேபிள மட்டும் புடுங்கிடுங்க. மானிட்டர் நல்லா இருந்தா சும்மா இருக்காது, நோ சிக்னல், செக் கேபிள்னு ஏதாவது ஒரு கட்டம் போட்டு புலம்பும், சிலது கொஞ்ச நேரத்துல மறுபடி தூங்கிடும், அதனால கண்ண எடுக்காம பாக்கணும். அந்த கட்டம் பளிச்சுனு தெரிஞ்சா கண்ணாடி, விளக்கு, பவர் எல்லாம் சரி, கோளாறு கம்ப்யூட்டர் பெட்டியில. அப்ப கீபோர்டுல நம் லாக்க தட்டிப் பாருங்க, குட்டி விளக்கு எரிஞ்சு அணைஞ்சா பெட்டி உயிரோடதான் இருக்கு, படம் மட்டும் வெளிய வரல. கேபிள எங்க சொருகியிருக்கீங்கன்னு பாருங்க, தனியா டிஸ்பிளே கார்டு போட்ட பெட்டியில பின்னாடி ரெண்டு நீல ஓட்டை இருக்கும், வீடு கூட்டறப்ப கழட்டுனவங்க மதர்போர்டு, அதான் பெட்டிக்குள்ள இருக்குற பெரிய போர்டு, அதோட ஓட்டையில மாத்தி சொருகிட்டு கம்ப்யூட்டர் போச்சுன்னு அழுதத நான் ரெண்டு வீட்ல பாத்திருக்கேன். நம் லாக்கும் அசையல, ஃபேன் மட்டும் சுத்துதுன்னா கரண்ட முழுசா எடுத்துட்டு ரேம், அதான் அந்த மெமரி அட்டை, அத கழட்டி, அந்த தங்க நிற பல்லு வரிசைய பள்ளிக்கூட ரப்பரால லேசா தேச்சு, தூள ஊதித் தள்ளிட்டு மறுபடி போடுங்க. நம்ம ஊரு ஈரக் காத்துக்கு அந்த பல்லுல படலம் கட்டிக்கும், தீவுல கடலோரமா இருக்குறவங்களுக்கு கேக்கவே வேணாம். பெட்டி பீப் அடிச்சா அதுவும் ஒரு பாஷைதான், பயாஸ்ங்கிறது ஆன் பண்ணதும் மொதல்ல ஓடுற குட்டி புரோகிராம், அதுல பழைய அவார்ட் கம்பெனியோடதுல ஒரு நீளம் ரெண்டு குட்டைன்னா டிஸ்பிளே கார்டுல ஏதோ கோளாறு.

பெரியம்மா வீட்ல கேபிள புடுங்கிப் பாத்தேன், கட்டமும் வரல, ஒண்ணும் வரல. ஆனா பவர் பட்டன்ல பச்சை விளக்கு எரியுது. ஜன்னல் திரைய இழுத்து விட்டுட்டு போன் டார்ச்ச ஸ்கிரீன் மேல சாய்வா அடிச்சேன், மூக்கு கண்ணாடியில இடிக்கிற அளவுக்கு கிட்ட போய் பாத்தா, சாம்பல் கலர்ல பேய் மாதிரி அந்த நோ சிக்னல் கட்டம் மெதுவா நகந்துக்கிட்டு இருக்கு. பெரியம்மாவ கூப்பிட்டு காட்டினேன். "அட, உள்ளாரதான் இருக்குது!"ன்னாங்க.

அப்ப பொம்மலாட்டம் நடக்குது, விளக்குதான் இல்ல. இது 2009ல வாங்குன 19 இஞ்ச் மானிட்டர், அந்த காலத்து மானிட்டர்ல பெரும்பாலும் எல்இடி கெடையாது, பென்சில விட ஒல்லியான குழல் விளக்குதான் மேலயும் கீழயும், நம்ம வீட்டு டியூப் லைட்டோட தம்பி. அத பத்த வைக்க ஆயிரம் வோல்ட்டுக்கு மேல வேணும், அத ஏத்திக் குடுக்குறது இன்வெர்ட்டர்னு ஒரு பகுதி. ஒரு குழல் வீக்கானாலோ வர்ற கரண்ட் ஒழுங்கா இல்லன்னாலோ அந்த இன்வெர்ட்டர் பயந்துக்கிட்டு ரெண்டு செகண்ட்ல தானே அணைச்சுக்கும். சுவிட்ச போட்டதும் படம் பளிச்சுனு வந்துட்டு ரெண்டு செகண்ட்ல கருப்பாகுதுன்னு யாராவது சொன்னா இதுதான் சங்கதி.

சரி, கரண்ட் ஏன் ஒழுங்கா வரல? பொறுமையா கழட்டுனேன், பின்னாடி ஸ்க்ரூ நாலுதான், ஆனா ஓரத்துல இருக்குற பிளாஸ்டிக் கிளிப்புங்க ஒவ்வொண்ணும் எலும்பு முறியுற மாதிரி சத்தம் போடும். ஒண்ணு கண்டிப்பா சொல்லிடுறேன், பவர் போர்டுல ஒரு குண்டு கெப்பாசிட்டர் இருக்கும், நம்ம 240 வோல்ட்ட நேர் கரண்டா மாத்தினா அதுல கிட்டத்தட்ட 340 வோல்ட் தேங்கி நிக்கும், பிளக்க புடுங்கின பின்னாடியும் நிக்கும். மீட்டர் வச்சு அளக்கத் தெரியாதவங்க, அத பாதுகாப்பா காலி பண்ணத் தெரியாதவங்க இந்த மூடிய தெறக்கவே வேணாம். பின்பக்கம் தொப்பையா இருக்குற ரொம்பப் பழைய குழாய் மானிட்டர்னா தெரிஞ்சவங்ககூட தள்ளித்தான் நிப்பாங்க, அதுக்குள்ள 25,000 வோல்ட் வரைக்கும் போகும்.

போர்டுல பாத்ததும் தெரிஞ்சுது, நாலு கெப்பாசிட்டர் தலை உப்பி, உளுந்து வடை மாதிரி குண்டா நிக்குது. ஒண்ணு தலை வெடிச்சு பழுப்பா கசிஞ்சும் இருக்கு. நல்ல கெப்பாசிட்டரோட தலை தட்டையா இருக்கணும், அந்த தலையில கீறி வச்ச கோடு அழகுக்கு இல்ல, உள்ள வாயு சேந்தா டமார்னு வெடிக்காம அந்த கோட்டுல பொளந்துக்கத்தான்.

கெப்பாசிட்டர மாடி மேல இருக்குற தண்ணித் தொட்டி மாதிரி வச்சுக்குங்க. பவர் போர்டு கரண்ட நொடிக்கு பல பத்தாயிரம் தடவ விட்டு விட்டுத்தான் அனுப்பும், குழாய்ல தண்ணி விட்டு விட்டு வந்தாலும் தொட்டி நெறைஞ்சிருந்தா கீழ சீரா ஊத்துமில்ல, அதே வேலை. உள்ள ரெண்டு அலுமினியத் தகடு, நடுவுல ஒரு திரவத்துல ஊறின காகிதம், எல்லாத்தையும் பாய் சுருட்டுற மாதிரி சுருட்டி டப்பாவுல அடைச்சிருப்பாங்க. வருஷம் போகப் போக அந்த திரவம் காயுது, காய காய கரண்டுக்கு வழி விடாம அடம் பிடிக்குது. சூடாச்சுன்னா மிச்சம் இருக்குற திரவம் கொஞ்சம் இளகி வழி விடும், அதனாலதான் நாலு தடவ தட்டி சூடேத்தினா பெரியம்மாவோட மானிட்டர் நின்னுச்சு, ஒரு நாள் அதுவும் முடியாமப் போச்சு. இதுல கொடுமை என்னன்னா இளக வைக்கிற அதே சூடுதான் சீக்கிரம் காயவும் வைக்குது. 10 டிகிரி சூடு ஏறினா ஆயுசு பாதியாகும்னு எலக்ட்ரானிக்ஸ்காரங்க ஒரு தோராயக் கணக்கு வச்சிருக்காங்க. 105 டிகிரியில 2000 மணி நேரம்னு போட்ட கெப்பாசிட்டர் 65 டிகிரியில 32,000 மணி நேரம் ஓடும், 75 ஆச்சுன்னா 16,000தான். பெரியம்மா மானிட்டர் சாமி மேடைக்குப் பக்கத்துல, சாம்பிராணிப் புகையும் தூசியும் காத்துப் போற ஓட்டையெல்லாம் அடைச்சு, சூடு உள்ளேயே நின்னு வெந்திருக்கு. அது போக 2000-களோட தொடக்கத்துல கலவை சரியில்லாத கெப்பாசிட்டருங்க உலகம் பூரா போயி கம்ப்யூட்டர் போர்டுங்க கொத்துக் கொத்தா செத்துச்சு, அந்த வயசு பெட்டி யாராவது வச்சிருந்தா மதர்போர்டையும் ஒரு தடவ எட்டிப் பாருங்க.

பட்டர்வொர்த்துல ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில அதே மைக்ரோஃபாரட் (தொட்டியோட கொள்ளளவு மாதிரி), அதே வோல்ட், 105 டிகிரி போட்டதா நாலு வாங்கினேன், மொத்தமே 6 வெள்ளி. வோல்ட் கூட இருந்தா பரவால்ல, கொறையக் கூடாது. டப்பா உடம்புல பட்டையா கோடு போட்ட பக்கம் நெகட்டிவ், அத மாத்திப் போட்டா அப்புறம் நிஜமாவே வெடிக்கும்.

வந்து உக்காந்து பழச உருக்கி எடுக்குறேன், கை நடுங்குது, ஈயம் பக்கத்து புள்ளியில ஒட்டுது. பெரியம்மா பின்னாடி நின்னு ரெண்டு நிமிஷம் பாத்தாங்க, அதுக்கு மேல அவங்களுக்கு தாங்கல. "எந்திரிடா, கொடு இப்படி." தீவுல பாயான் லெப்பாஸ்ல 1972ல ஃப்ரீ டிரேட் ஸோன்னு வரிச் சலுகையோட பேக்டரிப் பேட்டை வந்து, அப்புறம் இந்தப் பக்கம் பிறையிலயும் பேக்டரிங்க வந்தப்ப நம்ம வீட்டுப் பொண்ணுங்க எத்தனையோ பேரு பஸ் ஏறிப் போய் லைன்ல உக்காந்தாங்க, பெரியம்மாவும் அதுல ஒருத்தர், 19 வருஷம் சால்டரிங். கண்ணாடிய மாட்டிக்கிட்டு இரும்பு முனைய ஈர ஸ்பாஞ்சுல ஒரு தட்டு, மொதல்ல காலையும் புள்ளியையும் சேத்து சூடாக்கி அப்புறம்தான் ஈயத்த நீட்டுறாங்க, ஈயம் தானா ஓடிப் போய் சுத்தி உக்காருது, எட்டு புள்ளியும் எட்டு மிளகு மாதிரி பளபளன்னு. நான் ஈயத்த இரும்புல தேச்சு அப்பிக்கிட்டு இருந்தேன், தப்பு அதுதானாம்.

மூடி சுவிட்ச போட்டோம். எரிஞ்சுது, சிமிட்டல் இல்ல. ஆனா முழு ஸ்கிரீனும் மஞ்ச காமாலை வந்த மாதிரி! பெரியம்மா மூஞ்சி போன போக்க பாக்கணுமே. எனக்கு சிரிப்புதான் வந்துச்சு, ஏன்னா இது கழட்டி மாட்டுனப்ப நான் பண்ண வேலை. அந்த நீலத் தலை கேபிள் விஜிஏ, 1987ல ஐபிஎம் கொண்டு வந்தது, சிவப்பு பச்சை நீலம் மூணுக்கும் தனித்தனி கம்பி, ஒவ்வொண்ணுலயும் 0ல இருந்து 0.7 வோல்ட் வரைக்கும் ஏறி எறங்குற கரண்ட்தான் வெளிச்சத்தோட அளவு. நீலக் கம்பி போச்சுன்னா சிவப்பும் பச்சையும் சேந்து வெள்ளையெல்லாம் மஞ்சளாகும், பச்சை போச்சுன்னா வாடாமல்லி கலர், சிவப்பு போச்சுன்னா மயில் கழுத்து கலர். கேபிள கழட்டிப் பாத்தா மூணாவது பின் சாஞ்சு கெடக்கு. பிரஸ் பென்சில்ல குச்சிய எடுத்துட்டு அந்த மூக்க பின் மேல மாட்டி மெதுவா நிமித்தினேன். 15 பின்ல ஒம்பதாவது பல கேபிள்ல பொறந்ததுல இருந்தே இருக்காது, அத உடைஞ்சதுன்னு நெனச்சு புது கேபிள் வாங்கிடாதீங்க.

கலர் வந்துச்சு, எழுத்து மட்டும் ஓரத்துல மசமசன்னு. இந்த மானிட்டருக்கு 1280க்கு 1024 புள்ளி, கேபிள்ல வர்ற கரண்ட நொடிக்கு 10 கோடி தடவைக்கு மேல சரியான நேரத்துல அளந்தாத்தான் ஒவ்வொரு புள்ளியும் அதது இடத்துல உக்காரும், நேரம் தவறினா ரெண்டு புள்ளி கலந்துடும். முன்னாடி இருக்குற ஆட்டோ பட்டன அமுக்கினா அதுவே சரி பண்ணிக்கும். அமுக்கினேன், பண்ணிக்கிச்சு.

இதுக்குள்ள பிளாட்டுல விஷயம் பரவி எதிர் வீட்டுப் பையன் வந்து, அண்ணே எங்க கம்ப்யூட்டர்ல கேம் ஆடுனா கட்டம் கட்டமா கலர் கலரா வருதுன்னான். ஸ்கிரீன்ஷாட் எடுத்து போன்ல போட்டுப் பாருடான்னேன். அந்த கட்டம் போட்டோவுலயும் விழுந்திருந்தா அழுக்கு பெட்டிக்குள்ள இருந்தே வருது, போட்டோ சுத்தமா இருந்தா பெரும்பாலும் கேபிளோ மானிட்டரோதான். ஓடிப் போய் பாத்துட்டு வந்தான், போட்டோவுலயும் இருக்கு, விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி அந்த கருப்பு பயாஸ் பக்கத்துலயும் கோடு விழுதாம். பயாஸ்லயே வந்தா டிஸ்பிளே கார்ட ஓட்டுற டிரைவர் சாஃப்ட்வேர மாத்தி பிரயோஜனமில்ல, அது டிஸ்பிளே கார்டோட மெமரியோ சூடோதான், தூசிய ஊதி ஃபேன் சுத்துதான்னு பாத்து சிப் மேல சூட்ட கடத்தப் பூசியிருக்குற காஞ்சுபோன பேஸ்ட்ட மாத்தச் சொன்னேன், அதுக்கும் சரியாகலன்னா கார்ட மாத்தணும். மேல இருந்து கீழ வரைக்கும் எப்பவும் அதே எடத்துல மெல்லிசா ஒரே ஒரு கோடு நின்னா அது வேற, கண்ணாடி ஓரத்துல ஒட்டியிருக்கிற நாடா விட்டுப்போச்சு, அத வீட்ல ஒண்ணும் பண்ண முடியாது. அவுட் ஆஃப் ரேஞ்ச்னு வந்தா மட்டும் பயப்படாதீங்க, மானிட்டர் தாங்காத அளவ யாரோ செட் பண்ணிட்டாங்க, எக்ஸ்பி, 7ன்னா ஆன் பண்றப்ப எஃப்8 தட்டி கொறைஞ்ச அளவுல தெறந்து மாத்திடலாம்.

பெரியம்மாவோட குழல் விளக்கும் ஒரு நாள் போகும், ஓரம் இப்பவே லேசா செவக்குது. அன்னிக்கு குப்பையில போட்டுடாதீங்க பெரியம்மா, அதுக்குள்ள பாதரசம் இருக்கு, இ-வேஸ்ட் வாங்குற எடத்துலதான் குடுக்கணும்னேன். சரி சரின்னுட்டு, உப்பிப்போன அந்த நாலு கெப்பாசிட்டரையும் பொறுக்கி ஒரு காலி தீப்பெட்டியில போட்டாங்க. எதுக்குன்னு கேட்டேன்.

"நாளைக்கு பாசார் போற வழியில அந்த கடைக்காரர்கிட்ட காட்டணும்லா."