கிரெக்ஸ்: செருப்பு ஆர்க்கிட் பெயரின் நடுச்சொல்

செருப்பு ஆர்க்கிட் தொட்டியில் செருகியிருக்கும் அட்டையைப் பாருங்கள்: பாபியோபெடிலம் மாடியே ‘மேக்னிஃபிகம்’. முதற்சொல் பேரினம். சைப்ரசில் உள்ள பாஃபோஸ் என்ற ஊரையும் செருப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் சேர்த்து 1886-இல் தாவரவியலாளர் ஃபிட்சர் இட்ட பெயர். மேற்கோள் குறிக்குள் இருப்பது ரகம். நடுவில் நிற்கும் ‘மாடியே’ சிற்றினமும் அல்ல, ரகமும் அல்ல. அதைத்தான் கிரெக்ஸ் என்கிறார்கள்.

லத்தீனில் கிரெக்ஸ் என்றால் மந்தை. குறிப்பிட்ட இரு பெற்றோரைக் கலந்து கிடைக்கும் பிள்ளைகள் அத்தனையும் ஒரு மந்தை, அதற்கு ஒரே பெயர். பயிரிடும் தாவரங்களுக்கான பன்னாட்டுப் பெயரிடல் விதிகளில் இந்தப் படிநிலை ஆர்க்கிட்டுக்கு மட்டுமே உண்டு.

மாடியே என்பது கல்லோசம், லாரன்சியானம் ஆகிய இரண்டு சிற்றினங்களின் கலப்பு. பதிவேட்டில் 1900-ஆம் ஆண்டோடு சார்ல்ஸ்வொர்த் பண்ணையின் பெயரில் உள்ளது. பெற்றோர் இரண்டிலும் நிறமி இல்லாத பச்சை வடிவங்களை எடுத்துக் கலந்தால் பச்சையும் வெள்ளையுமாகப் பூக்கும். நிறமுள்ள வடிவங்களைக் கலந்தால் செவ்வூதாவாகப் பூக்கும். இரண்டும் மாடியேதான். எது தாய், எது தந்தை, யார் கலந்தார்கள், எந்த ஆண்டு என்பதெல்லாம் பெயரை மாற்றாது. மாடியேயை மாடியேயோடு சேர்த்தாலும் மாடியே. ஆனால் மாடியேயை மறுபடி கல்லோசத்தோடு சேர்த்தால் பெற்றோர் இணை மாறிவிடுகிறது. அதற்கு வேறு பெயர் வேண்டும். இந்தப் பெயர்களுக்கான பட்டியலை 1906-இல் சாண்டர் என்ற ஆர்க்கிட் நிறுவனம் தொடங்கியது. 1961 முதல் இங்கிலாந்தின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் பதிவேட்டைப் பராமரிக்கிறது.

ரகம் என்ற சொல்லில்தான் நம் ஆட்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். நெல்லில் ரகம் விதை வழியாகவே தொடரும். ஆர்க்கிட்டில் அப்படி இல்லை. இங்கே ரகம் என்பது மல்கோவா போல. கொட்டையை நட்டால் மல்கோவா வராது, ஒட்டுக்கன்றுதான் வேண்டும். ‘மேக்னிஃபிகம்’ என்பது மாடியே மந்தையிலிருந்து பொறுக்கிய ஒரே ஒரு செடி. அதன் விதையில் முளைத்ததற்கு அந்த மேற்கோள் பெயரை எழுதக் கூடாது. பாபியோபெடிலம் திசு வளர்ப்புக்கு எளிதில் இணங்காது என்பதால், தூர் பிரித்து வைப்பதுதான் வழி. ஒவ்வொரு பிரிவிலும் வேரோடு இரண்டு மூன்று இலைக்கொத்துகளாவது இருக்கட்டும். விருதும் அந்த ஒரு செடிக்கும் அதன் பிரிவுகளுக்கும் மட்டுமே சேரும், மந்தை முழுவதற்கும் அல்ல.

தமிழில் கிரெக்ஸை என்னவென்று சொல்வது? ‘மந்தை’ நேர்ப்பொருள், ஆனால் செடிக்கு ஒட்டவில்லை. ‘ஈத்து’ ஆசையைத் தூண்டுகிறது: ஒரே ஈத்துக் குட்டிகள் என்கிறோமே. ஆனால் ஈத்து ஒரு முறைப் பிறப்பு. அதே இணையை ஐம்பது ஆண்டு கழித்துக் கலந்தாலும் கிரெக்ஸ் மாறாது. ‘கால்வழி’ பேரன் பேத்திகளையும் அள்ளிக்கொள்ளும்; கிரெக்ஸோ வேறு இணை சேர்ந்ததும் முடிந்துவிடும். ‘கலப்பினம்’ எல்லாக் கலப்புக்கும் பொது. ‘கலப்புத்திரள்’ என்பதே பொருந்தும்: கலப்பால் வந்தவை, பலவாகத் திரண்டவை, ஒரு பெயருக்குள் அடங்குபவை.

இந்தச் சொல் நமக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேவை. ரோமன் எழுத்தில் சிற்றினப் பெயரைச் சாய்வெழுத்தில், சிறிய முதலெழுத்தோடு எழுதுவார்கள். திரளின் பெயரை நேரெழுத்தில், பெரிய முதலெழுத்தோடு. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது. பாபியோபெடிலம் ட்ரூரியி, பாபியோபெடிலம் ஹாரிசியானம் என்று எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். முன்னது கர்னல் ட்ரூரியின் பெயரைத் தாங்கி அகத்தியமலையில் இயற்கையாக வளரும், அழியும் நிலையிலுள்ள சிற்றினம். பின்னது எக்ஸிடர் மருத்துவர் ஹாரிசின் பெயரில், தோட்டக்காரர் ஜான் டொமினி பார்பேட்டம், வில்லோசம் என்ற இரு சிற்றினங்களைக் கலந்து 1869-இல் இங்கிலாந்துக் கண்ணாடிக் கூடத்தில் பூக்கவைத்த முதல் செருப்பு ஆர்க்கிட் கலப்பு. அந்தக் காலத்தில் கலப்புகளுக்கும் லத்தீன் வாலோடு பெயர் வைத்ததால் குழப்பம் இரட்டிக்கிறது. ஆகவே தமிழில் எழுதும்போது ‘ஹாரிசியானம் திரள்’, ‘மாடியே திரள்’ என்று அந்தச் சொல்லையும் சேர்த்தே எழுதுங்கள்.

அட்டையில் பெற்றோர் பெயரையும் குறித்துவையுங்கள், தாயை முதலில் எழுதி. அட்டை தொலைந்தால் பூவைப் பார்த்துத் திரளைச் சொல்ல முடியாது. புள்ளியிலையும் கோடு போட்ட மேலிதழும் உள்ள எத்தனையோ கலப்புகள் மாடியே போலவே பூக்கும். கடைகளில் ‘மாடியே வகை’ என்று விற்பது இப்படிப்பட்டவற்றைத்தான். அதை வாங்கிவந்து ‘வகை’ என்ற சொல்லை விட்டுவிட்டு மாடியே என்று எழுதினால், பின்னால் அதைக் கொண்டு செய்யும் ஒவ்வொரு கலப்பின் பெயரும் பொய்யாகும்.