செலக்டர் தவறினால் ஜேக்வெரி சொல்லாது

வேலூர், காட்பாடி பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து எங்களிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் அடிக்கடி சொல்வது இது: "அண்ணா, பட்டனை அழுத்தினா ஒண்ணும் நடக்கல. கன்சோல்ல எர்ரரும் இல்ல." பெரும்பாலும் செலக்டர்தான் காரணம், அதாவது வலைப்பக்கத்தில் எந்தப் பட்டன், எந்தக் கட்டம் வேண்டும் என்று தேட எழுதும் குறிப்பு.

2006-இல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியான ஜேக்வெரியை எல்லோருக்கும் பிடித்துப்போனதே, பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் தெரிந்தால் போதும், வலைப்பக்கத்தில் எதையும் பிடித்துவிடலாம் என்பதால்தான். ஐடிக்கு (ஒன்றுக்கு மட்டும் உரிய பெயர்) முன்னால் #, கிளாஸுக்கு (பலவற்றுக்குப் பொதுப் பெயர்) முன்னால் புள்ளி. ஆனால் தேடியது கிடைக்காவிட்டால் அது வாயே திறக்காது. காலியான தொகுப்பு ஒன்றைக் கொடுத்துவிடும். அதை மறைக்கச் சொன்னாலும், அதில் கிளிக் மாட்டினாலும் சரி சரி என்று கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும். பிரவுசரின் சொந்த கொயரிசெலக்டர், கிடைக்கவில்லை என்றால் 'நல்' (null, ஒன்றுமில்லை) தரும். அதை வைத்து ஏதாவது செய்யப் போனால் உடனே எர்ரர். எனக்கென்னவோ அந்த முரட்டுத்தனம்தான் பிடிக்கும்.

ஒன்றும் கிடைக்காததைவிட மோசம், தப்பானது கிடைப்பது. ஆம்பூர்ப் பக்கம் ஷூ தைக்கும் ஒரு யூனிட்டின் ஆர்டர் பக்கத்தில், 'வரிசையின் நான்காவது கட்டம்' என்று செலக்டர் எழுதியிருந்தார்கள். அங்கே ஜோடிகளின் எண்ணிக்கை இருந்தது. பிறகு யாரோ நடுவில் சைஸுக்கு ஒரு நெடுவரிசை சேர்த்தார்கள். அன்றிலிருந்து 41, 42 என்று ஷூ சைஸ்களைக் கூட்டி, அதையே மொத்த ஜோடி என்று காட்டிக்கொண்டிருந்தது. எண் நம்பும்படியாகவே இருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை. லோடு ஏற்றும்போது பெட்டிகளை எண்ணியவர்தான் பிடித்தார்.

சத்துவாச்சாரியில் 'பெட்டிக்கடை தாண்டி நாலாவது வீடு' என்று வழி சொல்வது போலத்தான் இதுவும். நடுவில் ஒரு வீடு எழும்பினால் தபால் வேறு வாசலுக்குப் போகும். கதவு எண் கொடுங்கள். அந்தக் கட்டத்துக்கு ஒரு டேட்டா ஆட்ரிபியூட் (data- என்று தொடங்கும், நீங்களே வைக்கும் அடையாளம்) வைத்து, அதன் பெயரில் தேடுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் ஒரே ஐடியைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள். ஐடியால் தேடினால் முதல் ஆள் மட்டுமே கிடைப்பார். ஐடிக்குள் புள்ளி இருந்தால் ஜேக்வெரி அதைக் கிளாஸ் என்று எடுத்துக்கொள்ளும், அதற்கு முன் இரண்டு பேக்ஸ்லாஷ் வேண்டும். முக்கியமான இடங்களில் லென்த், அதாவது எத்தனை கிடைத்தது, எவ்வளவு என்று பார்த்து, பூஜ்யமாக இருந்தால் நீங்களே கத்துங்கள்.

அப்புறம், பயனர் தட்டச்சு செய்ததையோ முகவரியில் # குறிக்குப் பின்னால் வருவதையோ அப்படியே ஜேக்வெரியில் செலக்டர் எழுதும் $( ) என்ற டாலர் அடைப்புக்குள் போடாதீர்கள். 1.9-க்கு முந்தைய பதிப்புகள், கொடுத்த எழுத்துத்தொடரின் (ஸ்ட்ரிங்) நடுவில் < > குறிகளுக்குள் ஒரு டேக் இருந்தால்கூட அதைத் தேட வேண்டிய பெயராகப் பார்க்காமல் எச்டிஎம்எல் ஆக உருவாக்கிவிடும். வெளியாள் எழுதிய ஸ்கிரிப்ட் உங்கள் பக்கத்தில் ஓட அது போதும். பழைய தளத்தைக் கையில் எடுத்தால், ஜேக்வெரி ஃபைலின் முதல் சில வரிகளில் பதிப்பு எண் இருக்கும். வேலையை அங்கிருந்து தொடங்குங்கள்.