ட்ரிப்ஸ் ஏறிய அன்றோடு கீமோ முடிந்துவிடாது

மறுபடியும் அதே கதை. கீமோ ஏறிப் பத்து நாள் ஆன ஒருவர், வெளிநாடு போவதற்காக மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போடப் போயிருக்கிறார். படிவத்தில் 'தற்போது மருந்து எதுவும் எடுக்கவில்லை' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பொய் சொல்லும் எண்ணம் இல்லை, மனதார அப்படித்தான் நம்பியிருக்கிறார். அங்கிருந்த நர்ஸ் சந்தேகப்பட்டுத் துருவிக் கேட்டதால் தப்பித்தார்.

புற்றுநோய்ப் பிரிவில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். "அதான் மருந்து அன்றைக்கே ஏறி முடிஞ்சிடுச்சே" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

மருந்து உடம்பை விட்டுப் போயிருக்கலாம். ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையில் அது செய்த வேலை அப்புறம்தான் வெளியே தெரியும். ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் தங்கள் ஆயுள் முடிந்து போகும், புதிதாக வரவேண்டியவை வராது. பெரும்பாலான மருந்துகளில் 7 முதல் 14 நாளுக்குள் எண்ணிக்கை அடிமட்டத்துக்கு இறங்கும். வாந்தி நின்று, பசி திரும்பி, 'இப்போ நல்லா இருக்கேன்' என்று தோன்றுவதும் அதே நாட்களில்தான். உடம்பு தெம்பாக இருக்கிறது என்பதற்காக எதிர்ப்புச் சக்தி திரும்பிவிட்டது என்று நினைக்காதீர்கள். நாங்கள் சீட்டைக் கையில் வாங்கியதும் முதலில் பார்ப்பதே கடைசியாகக் கீமோ ஏறிய தேதியைத்தான். வீட்டில் விழுங்கும் கேப்சிடபைன் போன்றவையும் கீமோதான். 'வெறும் மாத்திரை' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

மஞ்சள் காய்ச்சல், சின்னம்மைத் தடுப்பூசிகள், தட்டம்மைக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசி, மூக்கில் அடிக்கும் ஃப்ளூ தடுப்பு மருந்து ஆகியவற்றில் இருப்பது பலவீனமாக்கப்பட்ட உயிருள்ள கிருமி. எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும்போது அதுவே நோயாக மாறலாம், அதனால் கீமோ நடக்கும்போது இவை கூடவே கூடாது. முடிந்த பிறகும் குறைந்தது 3 மாதம் பொறுக்க வேண்டும். சில ரத்தப் புற்றுநோய்களுக்குத் தரும் ரிடுக்சிமாப் மருந்து போட்டிருந்தால் குறைந்தது 6 மாதம்.

இதைக் கேட்டுவிட்டு ஃப்ளூ ஊசியையும் வேண்டாம் என்று ஒதுக்குபவர்கள் இருக்கிறார்கள், அது அடுத்த தவறு. கையில் போடும் ஃப்ளூ ஊசியில் உயிருள்ள கிருமி கிடையாது, அதனால் அந்த ஊசியே ஃப்ளூவை வரவழைக்காது. பலன் சற்றுக் குறையலாம், அவ்வளவுதான். கீமோ தொடங்க 2 வாரம் முன்பே போட்டுக்கொள்வது நல்லது. தொடங்கிவிட்டால் எந்த வாரம் போடலாம் என்று உங்கள் புற்றுநோய் மருத்துவர் சொல்வார். வீட்டில் உள்ளவர்களும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஊசி போட்ட பிறகு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால் 'ஊசிக் காய்ச்சல்தான்' என்று பாரசிட்டமால் போட்டுப் படுத்துவிடாதீர்கள், வெள்ளை அணுக்கள் குறைந்த நேரத்தில் அது கிருமித் தொற்றாகவும் இருக்கலாம். நடுராத்திரி ஆனாலும் மருத்துவமனையைக் கூப்பிடுங்கள்.

சரி, மது. "பீர்தானே, வாரக் கடைசியில் மட்டும்" என்று கேட்டால் என் பதில், எந்த மருந்து என்று முதலில் சொல்லுங்கள் என்பதே. புரோகார்பசின் என்ற கீமோ மருந்தோடு குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுக்கும். மெத்தோட்ரெக்சேட் ஏற்கெனவே கல்லீரலைச் சோதிக்கும் மருந்து. குமட்டலுக்குத் தரும் ஒலான்சபைன், லோராசிபாம் மாத்திரைகளோடு சேர்ந்தால் தூக்கம் அமுக்கிக் கீழே விழ வைக்கும். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் குறைந்திருக்கும்போது தலையில் அடிபட்டால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. வாய்ப்புண் உள்ளவர்கள் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷைக்கூடத் தொடக் கூடாது.

பாக்ளிடாக்சல், டோசிடாக்சல் என்ற கீமோ ஊசிகள் சிலவற்றிலேயே கரைப்பானாக ஆல்கஹால் இருக்கிறது. குடியை விட்டவர்கள் அதை முன்கூட்டியே எங்களிடம் சொல்லிவிடுங்கள். அந்த ஊசி ஏறும் அன்றைக்கு வண்டியும் ஓட்டாதீர்கள்.

குடிக்கும் அளவைக் குறைத்துச் சொல்ல வேண்டாம். திட்டுவதற்காக நாங்கள் கேட்கவில்லை. தினமும் குடிப்பவர் கீமோவுக்குப் பயந்து ஒரே நாளில் நிறுத்தினால் கைநடுக்கம் வரும், வலிப்பும் வரலாம். முதல் கீமோவுக்கு முன்பே சொன்னால், பாதுகாப்பாக நிறுத்த மருந்து கொடுத்து உதவ முடியும்.