பெஞ்சு இருக்கிறது, உட்காரத்தான் ஆளில்லை

பூங்கா அமைக்க வேண்டும் என்று வருபவர்கள் நீரூற்று கேட்பார்கள், பூச்செடி கேட்பார்கள், செல்ஃபி எடுக்க ஓர் இடம் கேட்பார்கள். எங்கே உட்காருவது என்று மட்டும் கேட்கமாட்டார்கள். லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்டான எனக்கு முதல் கேள்வியே அதுதான்.

பிளான் என்பது மேலிருந்து பார்ப்பது. நடுவில் பூப்பாத்தி, சுற்றிலும் நான்கு பெஞ்சு என்றால் தாளில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். போய் உட்கார்ந்து பாருங்கள். முதுகுக்குப் பின்னால் ஆட்கள் நடந்துகொண்டே இருப்பார்கள், எதிர் பெஞ்சுக்காரர் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். சீக்கிரமே எழுந்துவிடுவோம். நமக்கு முதுகுக்கு ஒரு காப்பு வேண்டும், கண்ணுக்குக் கொஞ்சம் வேடிக்கை வேண்டும். அதனால்தான் எந்தத் திடலிலும் சுவரோரமும் மரத்தடியும் முதலில் நிரம்புகின்றன. நடு இடம் காலியாகவே கிடக்கிறது.

1970களில் நியூயார்க் சதுக்கங்களில் கேமரா வைத்து மக்கள் நடமாட்டத்தை ஆராய்ந்தவர் வில்லியம் வைட். உட்கார இடம் உள்ள இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள் என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. இதற்கு ஓர் ஆய்வா என்று சிரிக்கலாம். ஆனால் அன்று கட்டிய பல சதுக்கங்களில் அந்த இடம்தான் இல்லை!

அதே ஊரில் 1967இல் திறந்த பேலி பூங்கா, கட்டடங்களுக்கு நடுவே ஒடுங்கிய ஒரு துண்டு நிலம். பின்சுவரில் 20 அடி உயரத்திலிருந்து நீர் கொட்டுகிறது, அந்த இரைச்சலில் தெருச் சத்தம் அமுங்கிவிடுகிறது. மேலே மெல்லிய நிழல், கீழே இழுத்துப் போட்டுக்கொள்ளும் நாற்காலிகள். அப்படிப்பட்ட நாற்காலியில் உட்காருமுன் பலர் அதை அரை அடி நகர்த்துவார்கள். வெயிலும் மாறாது, காட்சியும் மாறாது. இது என் இடம் என்று ஆக்கிக்கொள்வது, அவ்வளவுதான். திருடு போய்விடும் என்று தரையோடு போல்ட் போட்டு முடுக்கினால் அந்தச் சுகம் போச்சு.

அப்புறம் வெயில். கூட்டம் வருவது மாலையில். அப்போது வெயில் மேற்கிலிருந்து சாய்வாக வருகிறது. தலைக்கு மேல் கூரை போட்டாலும் கண்ணில் அடிக்கும். ஆகவே மரம் பெஞ்சுக்கு மேற்கே நிற்க வேண்டும். கருங்கல் பெஞ்சு உறுதியானதுதான், ஆனால் பகலெல்லாம் வாங்கிய சூட்டை உட்காருபவருக்கே திருப்பிக் கொடுக்கும். உயரம் 45 செ.மீ. அளவில் இருக்கட்டும், முதுகு சாய்மானமும் கைப்பிடியும் வேண்டும். தாழ்வான பெஞ்சு படத்தில் நளினமாகத் தெரியும். முழங்கால் வலி உள்ளவர் அதிலிருந்து எழ ஆள் தேட வேண்டியிருக்கும்.

வேலிச்செடியை இடுப்புக்குக் கீழேயே வெட்டி வைக்கச் சொல்வேன். வெளியிலிருந்து உள்ளே தெரியாத இடத்துக்குத் தனியாக வரும் பெண்கள் தயங்குவார்கள். புல்லில் ஒற்றையடித் தடம் விழுந்திருந்தால், ‘நடக்காதீர்’ பலகைக்கு ஆகும் செலவில் அங்கே நாலு கல் பதித்துவிடலாம்.

உங்கள் குடியிருப்பிலோ பள்ளியிலோ இப்படி ஒரு பிளான் ஒப்புதலுக்கு வந்தால், மாலை 4 மணி நிழலை அதில் வரைந்து தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு பெஞ்சிலிருந்தும் பார்வை எங்கே போகும் என்று அம்புக்குறியும் போடச் சொல்லுங்கள். எத்தனை அம்பு குப்பைத்தொட்டியைப் பார்த்து நிற்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.