இறுக்கினால் ஒட்டும், தளர்த்தினால் ஒழுகும்

பழைய பித்தளைக் குழாய் உள்ள வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இரண்டு விதமான ஒழுகல் தெரிந்திருக்கும். எவ்வளவு திருகி மூடினாலும் வாய் வழியே சொட்டுச் சொட்டாக விழுவது ஒன்று. உள்ளே வாஷர் தேய்ந்துவிட்டது. குழாயைத் திறந்தால் மட்டும் கைப்பிடியின் கழுத்தில் நீர் கசிந்து விரலை நனைப்பது இன்னொன்று. இதற்கு பிளம்பர் கழுத்து நட்டைக் கழற்றி, தண்டைச் சுற்றி நூலை நாலு சுற்றுச் சுற்றி, நட்டை மறுபடி முடுக்குவார். ஒழுகல் நின்றுவிடும். ஆனால் குழாயைத் திருக முன்பைவிடக் கொஞ்சம் கூடுதல் பலம் தேவைப்படும்.

எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையிலும் அனல்மின் நிலையத்திலும் இருக்கும் கன்ட்ரோல் வால்வுகளுக்கும் இதே இரண்டு ஒழுகல்கள்தான். அந்தக் கூடுதல் பலம்தான் அங்கே பெரிய தலைவலி.

கன்ட்ரோல் வால்வின் வேலை திறப்பதும் மூடுவதும் மட்டும் அல்ல. இடையில் நிற்க வேண்டும். 43 சதவீதம் திற என்றால் 43இல் நிற்க வேண்டும். கட்டளை வழக்கமாக 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரையிலான மின்னோட்டமாக வரும். அது காற்றழுத்தமாக மாறி, வால்வின் தலையில் குடை விரித்தாற்போல் இருக்கும் கூட்டுக்குள் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வை அமுக்கும். சதுர சென்டிமீட்டருக்கு வெறும் 1 கிலோ அழுத்தம்தான். ஆனால் டயாஃப்ரத்தின் பரப்பு 600 சதுர சென்டிமீட்டர் என்றால் கிடைக்கும் விசை 600 கிலோ. எதிரே ஒரு ஸ்பிரிங். இரண்டும் சரிக்குச் சரியாகும் இடத்தில் தண்டு நிற்கும். தண்டின் நுனியில் உள்ள பிளக் என்ற அடைப்பான், மூடும்போது தான் உட்காரும் சீட்டிலிருந்து அந்த அளவு விலகி நிற்கும். காற்று நின்றுபோனால் ஸ்பிரிங் என்ன செய்ய வேண்டும் என்பதையும் வாங்கும்போதே முடிவு செய்துவிடுவார்கள். உலைக்கு எரிவாயு தரும் வால்வு மூடிக்கொள்ளும். குளிர்நீர் தரும் வால்வு திறந்துகொள்ளும்.

பிளக்குக்கும் சீட்டுக்கும் நடுவே உள்ள இடுக்கில் நீர் வேகமெடுக்கும். வேகம் கூடினால் அழுத்தம் இறங்கும். ரொம்பவும் இறங்கிவிட்டால் சூடே இல்லாமல் நீர் அங்கேயே கொதித்துக் குமிழி விடும். இடுக்கைத் தாண்டி அழுத்தம் மீண்டதும் குமிழிகள் வெடுக்கென்று நொறுங்கி, பக்கத்து உலோகத்தைக் கொத்திக் கொத்தி அரிக்கும். பக்கத்தில் நின்றால் குழாய்க்குள் சரளைக்கல் ஓடுகிற மாதிரி சத்தம் கேட்கும். அழுத்தத்தை ஒரே இடத்தில் இறக்காமல், துளைகள் போட்ட உருளைகள் வழியாகப் படிப்படியாக இறக்குவதுதான் இதற்கு வைத்தியம்.

வாஷர் ஒழுகலுக்கு வருவோம். மூடிய வால்வு எவ்வளவு ஒழுகலாம் என்பதற்கே ஆறு வகுப்புகள் உண்டு. உலோகத்தில் உலோகம் உட்காரும் நான்காம் வகுப்பு வால்வு, முழுத் திறனில் 0.01 சதவீதம் வரை ஒழுகலாம். மணிக்கு 1,00,000 லிட்டர் விடும் வால்வுக்கு 10 லிட்டர். சாதாரண வேலைக்கு இது போதும். டெஃப்லான் போன்ற மெத்தென்ற சீட் உள்ள ஆறாம் வகுப்பில் கணக்கு லிட்டரில் இல்லை, குமிழியில்: 1 அங்குல வால்வுக்கு நிமிடத்துக்கு 1 குமிழி. ஆனால் மெத்தென்ற சீட் அதிக வெப்பத்தைத் தாங்காது.

கழுத்து ஒழுகல்தான் உண்மையில் கடினம். சீட், மூடியிருக்கும்போது மட்டும் அடைத்தால் போதும். கழுத்தோ, தண்டு மேலும் கீழும் ஓயாமல் நகரும்போதே அடைக்க வேண்டும். அங்கே பிளம்பரின் நூலுக்குப் பதிலாக பேக்கிங் வளையங்கள் அடுக்கியிருக்கும். வளையங்களை மேலிருந்து அமுக்கும் கிளாண்ட் என்ற துண்டை நட்டால் இறுக்கினால், வளையங்கள் உயரத்தில் அமுங்கிப் பக்கவாட்டில் பிதுங்கி, தண்டையும் சுவரையும் கவ்வும். ஆனால் இறுக்கும் விசை கீழே போகப்போக உராய்விலேயே கரைந்துவிடுகிறது. மேல் வளையம் நசுங்கும்போது அடிவளையம் ஏறக்குறைய சும்மா உட்கார்ந்திருக்கும். அதனால் நாலைந்து வளையத்துக்கு மேல் அடுக்கினால் உராய்வுதான் கூடும், அடைப்பு கூடாது. ஒழுகினால் இன்னும் இரண்டு வளையம் போடலாம் என்று தோன்றும். அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்.

ஒரு காலத்தில் வளையம் என்றாலே ஆஸ்பெஸ்டாஸ். அதன் தூசி நுரையீரலைக் கெடுப்பது தெரிந்த பிறகு டெஃப்லானும் கிராஃபைட்டும் வந்தன. டெஃப்லான் வழவழப்பு, தண்டு எளிதாக நகரும். 230 டிகிரி செல்சியஸ் வாக்கில் அதன் எல்லை முடிந்துவிடும். கொதிகலன் நீராவி பக்கம் போனால் கிராஃபைட்தான். அது சூட்டைத் தாங்கும், ஆனால் தண்டை அழுத்திப் பிடிக்கும்.

பிடித்தால் என்ன ஆகும்? மழைக்காலத்தில் உப்பிப்போன மர மேசையின் இழுப்பறையை நினைத்துக்கொள்ளுங்கள். இழுத்தால் அசையாது, இன்னும் பலமாக இழுத்தால் சட்டென்று மொத்தமாக வெளியே வரும். தண்டும் அப்படித்தான். கட்டளை 1 சதவீதம் கூடும், தண்டு நகராது. காற்றழுத்தம் ஏறிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் தண்டு 3 சதவீதம் தாவிவிடும். கட்டுப்பாட்டுக் கருவி பதறிப்போய்ப் பின்னால் இழுக்கும். அங்கும் அதே கதை. அந்த வால்வு நீர் விடும் தொட்டியில் நீர்மட்டம் ஓயாமல் ஏறி இறங்கும். கருவியில் கோளாறு என்று அதைத் திருத்திக்கொண்டிருப்பார்கள். கோளாறு, யாரோ அவசரத்தில் அரைச் சுற்று அதிகமாக முடுக்கிய கிளாண்ட் நட்டில் இருக்கும்.

ஆகவே வால்வு எங்கே நிற்கிறது என்பதைத் தண்டையே கேட்க வேண்டும். பொசிஷனர் என்ற கருவியின் கை தண்டோடு பிணைந்திருப்பது அதற்காகத்தான். 1979 மார்ச் 28 அதிகாலை, அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஓர் அழுத்த விடுப்பு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறை விளக்கு காட்டியதோ வால்வின் நிலையை அல்ல, மூடும்படி கட்டளை போனதை மட்டும். மூடிவிட்டது என்று நம்பிய ஊழியர்கள் அந்த வழியை வேறொரு வால்வால் அடைக்க 2 மணி நேரத்துக்கு மேலானது. உலையின் எரிபொருளில் ஏறக்குறைய பாதி உருகிப்போனது.

குளோரின் மாதிரி ஒரு துளிகூட வெளியே வரக்கூடாத இடங்களில் தண்டைச் சுற்றி, ஆர்மோனியத்தின் துருத்தி போல மடிப்பு மடிப்பாக ஒரு மெல்லிய உலோகக் குழலை வைத்து இரு முனையையும் வெல்டு செய்துவிடுவார்கள். தண்டு நகர்ந்தால் மடிப்புகள் சுருங்கி விரியும். உரசுவதற்கு ஒன்றும் இல்லை, ஒழுக வழியும் இல்லை. ஆனால் மடிந்து மடிந்து உலோகம் என்றாவது ஒரு நாள் விரிசல் விடும். அதனால் துருத்திக்கு மேலே, எதற்கும் இருக்கட்டும் என்று, பழையபடி ஒரு கிளாண்ட் பேக்கிங்கும் போட்டுவைப்பார்கள்.