கரு இல்லை என்று மாட்டுக்கு எப்படித் தெரிகிறது?

வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கத்தில் கறவை மாடு வளர்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சினை ஊசி போட்ட மாடு சினை பிடிக்காவிட்டால், சொல்லிவைத்தாற்போல் 21ஆம் நாள் மறுபடியும் கத்துகிறது. வயிற்றில் கரு இல்லை என்று அதற்கு எப்படித் தெரிகிறது?" பொய்கை மாட்டுச் சந்தையில் ஒரு மாட்டின் விலையையே ஏற்றி இறக்கக்கூடிய கேள்வி இது.

தொடக்கம் பள்ளியில் படித்ததுதான். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் ஏவலால் சினைப்பையில் முட்டையைத் தாங்கிய ஒரு நுண்ணறை வளர்ந்து ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரக்க, மாடு பருவத்துக்கு வந்து கத்துகிறது, கண்ணாடி வழும்பு தொங்குகிறது. முட்டை வெளியேறியதும் அந்த நுண்ணறையே மஞ்சள் உடலாக மாறிப் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. மஞ்சள் உடல் உயிரோடு இருக்கும்வரை மாடு பருவத்துக்கு வராது.

அப்படியானால் அதை அழிப்பது யார்? கருப்பைதான். ஏறக்குறைய 16ஆம் நாளில் கருப்பை, புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருளை அலை அலையாக வெளிவிடத் தொடங்குகிறது. உடல் முழுவதும் சுற்றிவர நேர்ந்தால் அதில் பெரும்பகுதி நுரையீரலிலேயே சிதைந்துபோகும். ஆனால் கருப்பையிலிருந்து வரும் சிரையின்மீது சினைப்பைக்குச் செல்லும் தமனி, பந்தல்காலில் படர்ந்த அவரைக்கொடியைப் போலச் சுருண்டு ஒட்டிக் கிடப்பதால், புரோஸ்டாகிளாண்டின் இரத்தக்குழாய்ச் சுவர்களை ஊடுருவிச் சிரையிலிருந்து தமனிக்கு மாறி, இதயத்தை எட்டாமலே சினைப்பையை அடைந்துவிடுகிறது. இதனினும் வியப்பானது, மஞ்சள் உடலே ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனைச் சுரந்து கருப்பையை மேலும் தூண்டித் தன் அழிவைத் தானே விரைவுபடுத்துவது.

கரு தங்கியிருந்தாலோ, கருப்பைச் சுவரில் ஒட்டுவதற்கு முன்பே அது நூலாக நீண்டு, இன்டர்ஃபெரான்-டௌ என்ற புரதத்தைச் சுரக்கிறது. வைரஸ்களை எதிர்க்கும் புரதக் குடும்பத்தைச் சேர்ந்த இது, கருப்பையில் ஆக்ஸிடோசினின் தூண்டுதலை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் உருவாகாமல் தடுக்க, மஞ்சள் உடல் பிழைத்துக்கொள்கிறது. ஆக, கரு இல்லை என்று மாட்டுக்கு எதுவும் சொல்வதில்லை. கரு இருக்கிறது என்ற சேதி வந்து சேராததே அது மறுபடியும் கத்துவதற்குக் காரணம்.

பெண்களுக்கு வழி வேறு. கருப்பையை அகற்றினாலும் மஞ்சள் உடல் சுமார் 14 நாளில் தானாகவே வாடிவிடும். மாட்டில் கருப்பையை அகற்றினால் மஞ்சள் உடல் மாதக்கணக்கில் நீடிக்கும். மனிதக் கரு ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோனைச் சுரந்து மஞ்சள் உடலைக் காக்கிறது. மருந்துக்கடைப் பரிசோதனை அட்டை சிறுநீரில் தேடுவதும் அதையே. இவ்வளவு நுட்பமான ஏற்பாட்டில் எங்கோ ஓர் இழை பிசகியதற்காக மாட்டை ராசியற்றது என்று கழித்துக்கட்டுவதும், பிள்ளையில்லாத பெண்ணை வளைகாப்பில் ஒதுக்கிவைப்பதும் அறியாமை மட்டுமல்ல, கொடுமையும்கூட.

பருவத்துக்கு வராத மாட்டுக்குக் கால்நடை மருத்துவர் போடும் ஊசிகளில் ஒன்று இதே புரோஸ்டாகிளாண்டின்தான். சினை மாட்டுக்கு அதைப் போட்டால் கரு கலைந்துவிடக்கூடும் என்பதால், முதலில் சினைப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.