முதலில் அந்த ரப்பரை ஓரமாக வையுங்கள்

பெரியவர்களுக்கு ஓவியம் சொல்லிக்கொடுப்பது என் தொழில். வங்கியில் வேலை பார்ப்பவர்கள், ஐடி ஆட்கள், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்கள், பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு இப்போதுதான் கொஞ்சம் மூச்சு விடும் அம்மாக்கள் என்று எல்லோரும் வருவார்கள். வந்து உட்கார்ந்ததும் கிட்டத்தட்ட எல்லோரும் சொல்வது ஒன்றைத்தான்: "ஸ்கூல்ல நல்லா வரைவேன் சார், அப்புறம் விட்டுப்போச்சு." சரி, விட்டதைத் தொடரலாம் என்று மேசைமேல் ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்தால், முதல் கோடு விழுவதற்கு முன்பே இடது கையில் ரப்பர் ஏறிவிடும். வலது கை வரைய, இடது கை அழிக்க, அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் தாளில் மிஞ்சியிருப்பது மங்கலான ஒரு சாம்பல் அழுக்குதான்.

இந்த இடத்தில்தான் பலர் எழுந்து போய்விடுகிறார்கள். கை போய்விட்டது, இனி வராது என்று அவர்களே தீர்ப்பும் எழுதிக்கொள்கிறார்கள். கை எங்கேயும் போகவில்லை. பதினாலு வயதில் எங்கே நின்றதோ அங்கேயே நிற்கிறது, அவ்வளவுதான். ஆனால் கண் நிற்கவில்லை. இத்தனை வருடத்தில் எவ்வளவு படங்கள், போஸ்டர்கள், சினிமா, பத்திரிகை ஓவியங்கள் பார்த்திருப்பீர்கள்! கண்ணுக்கு நல்லது கெட்டது தெரிந்துவிட்டது, கைக்கு இன்னும் பழக்கம் வரவில்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளிதான் முதல் சில மாதங்கள் வலிக்கிறது. தன் கோடு மோசமாக இருக்கிறது என்று ஒருவருக்குத் தெரிகிறதே, எனக்கு அது நல்ல சேதி. பார்க்கத் தெரிகிறது என்றுதானே அர்த்தம்.

இந்த அழிக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், எனக்கு ரெக்கார்டு நோட்டின் மேல்தான் சந்தேகம். ஒன்பது பத்து வயதில் குழந்தைக்குப் படம் 'நிஜம் மாதிரி' இருக்க வேண்டும் என்ற ஆசை வரும். கலைக்கல்வி அறிஞர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இலேயே இதைத் தனி ஒரு கட்டமாக எழுதிவைத்தார். யாராவது பக்கத்தில் இருந்து கை கொடுக்க வேண்டிய நேரம் அது. நம் ஊரில் சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் டிராயிங் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார். அப்புறம் ப்ளஸ் டூ வரை நம்மில் பலர் வரைந்ததெல்லாம் தவளையின் செரிமான மண்டலமும் செம்பருத்திப் பூவின் நீள்வெட்டுத் தோற்றமும்தான். கூராகச் சீவிய பென்சில், ஒற்றைக் கோடு, ஷேடிங் கூடாது, அழித்த தடம் தெரியக் கூடாது, தெரிந்தால் கையெழுத்துக் கிடையாது. அறிவியல் படத்துக்கு அது நியாயமான விதிதான். ஆனால் வரைவது என்றாலே இதுதான் என்று கையில் பதிந்துபோனது பெரிய நஷ்டம்.

இப்போது டம்ளருக்கு வருவோம். அதன் வாய் வட்டம், ஆனால் நாம் உட்கார்ந்திருக்கும் உயரத்திலிருந்து பார்த்தால் நீள்வட்டம். புதிதாக வரைபவர்கள் அதன் இரண்டு ஓரத்தையும் மாவிலை நுனி மாதிரி கூராக்கிவிடுவார்கள். உண்மையில் அங்கே முனையே கிடையாது, கோடு திரும்பிப் போகிறது. அடிப்பாகத்தையோ நேர்கோடாக இழுத்துவிடுவார்கள், ஏனென்றால் டம்ளர் மேசையில் தட்டையாக உட்கார்ந்திருப்பது மூளைக்குத் தெரியும். கண் பார்ப்பது வளைவைத்தான். அதுவும் வாயின் வளைவைவிட அடியின் வளைவு சற்று அதிகமாகவே இருக்கும், கண் மட்டத்திலிருந்து அது இன்னும் கீழே இருப்பதால். இதைச் சொன்னதும் "அட ஆமா" என்று ரப்பரைத் தேடுவார்கள். அழிக்காதீர்கள் என்பேன். அந்த நேர்கோடு அங்கேயே இருக்கட்டும், அதற்குக் கீழே ஒரு வளைவு போடுங்கள், போதவில்லையா, இன்னும் கொஞ்சம் இறக்கி இன்னொன்று. தப்பான கோடு கண்ணெதிரே இருந்தால்தான் இன்னும் எவ்வளவு இறங்க வேண்டும் என்று அளக்க முடியும். அழித்துவிட்டால் அளவுகோலையே அழித்த மாதிரி ஆகிவிடும், கை மறுபடி போய் அதே நேர்கோட்டைத்தான் போடும். வகுப்பில் இதைத் தினமும் பார்க்கிறேன். பென்சிலை அழுத்தாமல் நாலு கோடு போட்டு, எது உட்கார்கிறதோ அதை மட்டும் கடைசியில் அழுத்திப் போட்டால் போதும். மற்றவை தானாகப் பின்னால் போய்விடும்.

பெரிய ஓவியர்களும் இப்படித்தான். மாட்ரிட்டில் பிராடோ அருங்காட்சியகத்தில் ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கஸ் 1635 வாக்கில் வரைந்த நான்காம் ஃபிலிப் மன்னரின் குதிரைப் படம் இருக்கிறது. அந்தக் குதிரைக்குப் பின்னங்கால் கூடுதலாகத் தெரியும்! முதலில் ஓர் இடத்தில் போட்டு, பிடிக்காமல் மேலேயே பூசி வேறு இடத்தில் போட்டிருக்கிறார். எண்ணெய் வண்ணம் வயதாக ஆக ஒளி ஊடுருவும்படி ஆவதால் பழைய கால் மெல்ல வெளியே வந்துவிட்டது. அரசருக்கு வரைந்த படத்திலேயே இப்படி என்றால் நம் டம்ளருக்கு என்ன.

இன்னும் பொருத்தமானவர் தாகூர். கவிதை எழுதும்போது அடித்த வரிகளை அப்படியே விட அவருக்கு மனம் வராது. அடித்தல்களை ஒன்றோடொன்று கோத்து, மையால் நிரப்பி, மூக்கும் அலகும் வைத்து, பெயர் தெரியாத ஏதோ ஒரு பிராணியாக்கிவிடுவார். 1924இல் அர்ஜென்டினாவில் தங்கியிருந்தபோது எழுதிய 'பூரபி' கவிதைத் தொகுப்பின் கையெழுத்துப் பிரதியில் இப்படிப் பக்கம் பக்கமாக உண்டு. அங்கே அவரை உபசரித்த எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போ அந்தப் பக்கங்களைப் பார்த்து வியந்தார். 1930இல் பாரிஸில் தாகூரின் முதல் ஓவியக் கண்காட்சி நடக்க அவரே பெரிதும் காரணமாக இருந்தார். அப்போது தாகூருக்குக் கிட்டத்தட்ட 69 வயது. அதற்கப்புறம் இருந்த பத்துப் பதினோரு வருடம் வரைந்துகொண்டே இருந்தார், மொத்தம் இரண்டாயிரம் படங்களுக்கு மேல் தேறும். "இந்த வயசுல ஆரம்பிச்சு என்ன சார் ஆகப்போகுது" என்று ஐம்பத்தைந்து வயதுக்காரர் கேட்கும்போது எனக்கு இவர்தான் ஞாபகத்துக்கு வருவார்.

(தினமும் வாசலில் கோலம் போடுபவர்கள் "எனக்கு வரையவே தெரியாது" என்று சொல்லிக்கொண்டு வருவது தனி வேடிக்கை. புள்ளியைச் சுற்றிக் கை எடுக்காமல் சிக்குக்கோலம் இழுக்கிற கைக்குப் பென்சில் கோடெல்லாம் ஒரு பொருட்டா? அவர்களுக்குத் தாள்தான் பயம், கோடு இல்லை.)

வாட்டர் கலருக்கு வந்தால் தப்பின் குணமே மாறிவிடுகிறது. பூசிய வண்ணம் பாதி காய்ந்திருக்கும்போது தண்ணீர் அதிகமுள்ள பிரஷ்ஷால் தொட்டீர்களானால், அந்தத் தண்ணீர் வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் சொரசொரப்பாக ஒரு பூ பூக்கும். காலிஃபிளவர் என்றே சொல்வோம். உடனே அதைத் தேய்த்துச் சரிசெய்யப் போவார்கள், அப்போதுதான் படம் நிஜமாகவே கெடும். கையை எடுத்துவிடுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு பார்த்தால் பாதி நேரம் அது மேகமாகவோ மரமாகவோ இருந்துவிட்டுப் போகும். எடுத்தே ஆக வேண்டும் என்றால், காய்ந்த பின் சுத்தமான ஈரப் பிரஷ்ஷால் மெதுவாக நனைத்து டிஷ்யூ பேப்பரால் ஒற்றுங்கள். சில நிறங்கள் வந்துவிடும், சில தாளில் கறையாகப் பிடித்துக்கொண்டு வராது. இதெல்லாம் 300 ஜிஎஸ்எம் என்று போட்டிருக்கும் தடித்த தாளில்தான் தாங்கும், சாதாரண டிராயிங் நோட்டில் செய்தால் தாள் அலையலையாகச் சுருங்கித் திரிதிரியாக வரும். அதையும் நம் திறமைக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ரப்பரின் இன்னொரு வேலையும் இங்கேதான் தெரியும்: அழுத்தித் தேய்த்த இடத்தில் தாளின் பசைப்பூச்சு போய்விடுவதால் வண்ணம் ஏற்றியதும் அங்கே மட்டும் திட்டாகக் கறுக்கும்.

பரணில் இருக்கும் பழைய பெட்டியைத் தூக்கிப்போட வேண்டாம். இறுகிப்போன வாட்டர் கலர் ட்யூபைக் கத்தியால் கீறித் திறந்து, உள்ளே இருப்பதைச் சின்னக் கிண்ணத்தில் வைத்துத் தண்ணீர் தொட்டால் உயிர் பெற்றுவிடும். பூஞ்சை வாடை வந்தால் மட்டும் குப்பைக்கு. அக்ரிலிக் இறுகினால் இறுகினதுதான். டர்பன்டைன் வைத்து எண்ணெய் வண்ணம் தீட்டுபவர்கள் ஏசி அறையைச் சாத்திக்கொண்டு உட்காராதீர்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும். பிரஷ் நுனியை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றோடு விடுங்கள், சில வண்ணங்களில் காட்மியம், கோபால்ட் போன்ற உலோகங்கள் உண்டு.

'ஒரே நாளில் ஓவியம், வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம்' வகைப் பயிலரங்குகள் பற்றியும் கேட்கிறார்கள். அவுட்லைன் முன்கூட்டியே அச்சாகி இருக்கும், எந்த இடத்தில் எந்த வண்ணம் என்றும் சொல்லிவிடுவார்கள். பொழுதுபோக்காகப் போய்வருவதில் தப்பில்லை. ஆனால் அந்தப் படத்தை ஃப்ரேம் போட்டு மாட்டிய பிறகு, வீட்டில் உங்கள் சொந்தக் கையால் டம்ளர் வரைந்தால் அது இன்னும் கேவலமாகத் தெரியும், அதோடு பென்சில் மறுபடி டிராயருக்குள் போய்விடும். அங்கே போய்வந்த பிறகு வரைவதையே விட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

வரைந்தால் மன அழுத்தம் குறையுமா? 2016இல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் 39 பேரை 45 நிமிடம் கலை வேலை செய்ய வைத்து, முன்னும் பின்னும் உமிழ்நீரில் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசாலை அளந்தார்கள். சுமார் முக்கால்வாசிப் பேருக்குக் குறைந்தது, முன் அனுபவம் இருந்ததா இல்லையா என்பது பொருட்டாக இல்லை. சின்ன ஆய்வு, ஒப்பிட வேறு குழுவும் கிடையாது, எனவே மருந்துச் சீட்டு மாதிரி இதை வீசக் கூடாது. ஆனாலும் நன்றாக வரையத் தெரியாதவர்களுக்கும் குறைந்தது என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒன்றை மட்டும் தப்பு என்று விட்டுவிடாதீர்கள். நேர்கோடு நடுவில் மட்டும் நெளிந்த மாதிரி கண்ணுக்கே தெரிகிறது என்றால், முக்கியமாக ஐம்பதைத் தாண்டியவர்கள், உடனே கண் மருத்துவரிடம் போங்கள், விழித்திரையின் மையத்தில் கோளாறு இருக்கலாம். கை புதிதாக நடுங்கத் தொடங்கினாலோ, எழுத்து நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே போனாலோ நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். "பழக்கம் விட்டுப்போச்சு, அதான்" என்று இவற்றைத் தள்ளிப்போடுகிறார்கள். மருத்துவரிடம் போவது வரைவதை நிறுத்த அல்ல. ஓவியர் மனோகர் தேவதாஸ் விழித்திரை நோயால் பார்வை குறுகிக்கொண்டே வந்த காலத்திலும் மதுரையின் கோபுரங்களையும் தெருக்களையும் நுணுக்கமான பேனாக் கோடுகளில் வரைந்தவர்.

எதை வாங்குவது என்று கேட்டால், 2பி பென்சில் ஒன்றும், அழிக்க முடியாத சாதாரண பால்பாயின்ட் பேனாவும், தைத்த நோட்டு ஒன்றும் போதும். ஒவ்வொரு பக்கத்திலும் மூலையில் தேதி போடுங்கள். ஸ்பைரல் நோட்டு வேண்டாம், பிடிக்காத பக்கத்தைக் கிழித்தெறிய அது ரொம்ப வசதி.